சிறு வணிகத்தின் தனியுரிமைக் கொள்கை: வேலணையை முன்வைத்து ஒரு வழிகாட்டல்

தனியுரிமைக் கொள்கை என்பது, ஒரு வணிக நிறுவனம் தன் வாடிக்கையாளரைப் பற்றி எந்தெந்த விவரங்களைப் பெறுகிறது, எதற்காகப் பெறுகிறது, எங்கே எவ்வளவு காலம் வைத்திருக்கிறது, யாரிடம் கொடுக்கிறது, வாடிக்கையாளர் தன் விவரத்தைப் பார்க்கவோ திருத்தவோ அழிக்கவோ விரும்பினால் யாரை அணுக வேண்டும் என்பவற்றை எழுத்தில் உரைக்கும் ஆவணமாகும். இது கொழும்பிலுள்ள வங்கிகளுக்கும் தொலைத்தொடர்பு நிறுவனங்களுக்கும் மட்டுமே உரிய விடயம் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. ஆயினும் யாழ்ப்பாணத் தீவகத்திலுள்ள வேலணையில் றீலோட் போட்டுப் போட்டோப் பிரதி எடுத்துக் கொடுக்கும் கடையும், வெளிநாட்டிலிருந்து வரும் பணத்தை வழங்கும் முகவரும், மருந்துக் கடையும், தனியார் கல்வி நிலையமும், சாட்டிக் கடற்கரைக்கு வருவோருக்கு அறை கொடுக்கும் விடுதியும் தத்தம் அளவில் ஊராரின் பெயர், அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி இலக்கம், கடன் நிலுவை, நோய், பிள்ளைகளின் பரீட்சைப் பெறுபேறு ஆகியவற்றை நாள்தோறும் சேர்த்துக்கொண்டே இருக்கின்றன. இத்தகைய வணிகங்கள் தம் கைப்படத் தயாரிக்கக்கூடிய கொள்கை எவ்வாறு அமைய வேண்டும் என்பதை இவ்வத்தியாயம் விளக்குகிறது.

தொடக்கத்திலேயே ஒன்றை வற்புறுத்த வேண்டியுள்ளது. இணையத்திலிருந்து பெரிய நிறுவனமொன்றின் கொள்கையைப் பிரதி செய்து, பெயரை மட்டும் மாற்றிச் சுவரில் ஒட்டுவது, கொள்கையே இல்லாமல் இருப்பதைவிடத் தீங்கானது. கடை செய்யாத ஒன்றைச் செய்வதாகவும், செய்யும் ஒன்றைச் செய்யாததாகவும் அத்தாள் சொல்லிவிடுவதால், ஒரு நாள் உண்மை வெளிப்படும்போது கடையின் மற்றெல்லாச் சொற்களும் சேர்ந்தே மதிப்பிழக்கின்றன. ஆகவே முதலில் கடையின் வழக்கத்தைச் சீர்செய்து, பின்னர் அவ்வழக்கத்தை உள்ளவாறே எழுதுவதுதான் முறையான வரிசையாகும்.

தீவகத்தில் ஆபத்து வரும் வழி

தரவுப் பாதுகாப்பு பற்றிய நூல்களில் பெரும்பாலானவை, தொலைவிலிருந்து கணினிக்குள் ஊடுருவும் முகமறியாத் திருடரையே முதன்மையான ஆபத்தாகக் காட்டுகின்றன. வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, ஊர்காவற்றுறை போன்ற இடங்களில் நிலைமை வேறானது. இங்கே வாடிக்கையாளர், கடைக்காரர், கடைப்பையன், பக்கத்தில் வரிசையில் நிற்பவர் ஆகிய அனைவரும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள், பலர் உறவினர்கள். ஒரு பெண் நகையை அடகு வைத்தது, ஒரு குடும்பத்துக்குப் பாரிசிலிருந்து எவ்வளவு பணம் வந்தது, ஓர் இளைஞர் எந்த மாத்திரையை வாங்கினார் என்பன, எந்தக் கணினியும் உடைக்கப்படாமலே, ஒரே மாலைப்பொழுதில் ஊர் முழுவதும் தெரிந்துவிடக்கூடும். கொழும்பு வாடிக்கையாளருக்கு அந்நியரிடம் தகவல் சேர்வது அச்சமூட்டுகிறது என்றால், தீவக வாடிக்கையாளருக்கு அறிந்தவரிடம் சேர்வதே அதைவிடப் பெரிய அச்சமாகும். கலியாணப் பேச்சு முறிவதும், பங்காளிகளுக்கிடையே காணிப் பிணக்கு மூள்வதும், கடன் கேட்டு ஆட்கள் வந்து நிற்பதும் அறிந்தவர்களால்தான்.

இதனோடு வரலாறும் சேர்ந்துகொள்கிறது. போர்க்காலத்திலும் அதன் பின்னரும் வடக்கில் வாழ்ந்த மக்களுக்கு, பெயரும் முகவரியும் ஒரு பட்டியலில் ஏறுவது ஒருபோதும் சாதாரண நிகழ்வாக இருந்ததில்லை. சோதனைச் சாவடிகளிலும் குடும்பப் பதிவுகளிலும் விவரம் கொடுத்துப் பழகிய தலைமுறைக்கு, ‘பெயரை எழுதுங்கோ’ என்ற சாதாரண வேண்டுகோளும் ஒரு தயக்கத்தைத் தருகிறது. அத்தயக்கத்தை அறியாமை என்று கருதும் வணிகர் தம் வாடிக்கையாளரைப் புரிந்துகொள்ளாதவர். காரணத்தைச் சொல்லி, தேவையானதை மட்டும் கேட்பவரிடம் அதே மக்கள் தயங்காது விவரம் கொடுப்பதும் உண்டு.

சட்டத்தின் நிலை

இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் அவ்வாண்டு மார்ச் மாதத்தில் சான்றுரைப்படுத்தப்பட்டது. இந்தியாவின் இலக்கமுறைத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்ட் மாதத்திலேயே வந்தது என்பதைக் கருதினால், தெற்காசியாவில் இலங்கை இத்துறையில் முந்திக்கொண்டது எனலாம். ஆனால் நடைமுறைப்படுத்தல் படிப்படியாகவே நிகழ்ந்து வருகிறது. தரவுப் பாதுகாப்பு அதிகாரசபையை அமைக்கும் பகுதி 2023இல் நடைமுறைக்கு வந்தது. வணிகர்களின் கடமைகளைக் கூறும் பகுதிகளுக்கு முதலில் 2025 மார்ச் 18 என்று நாள் குறிக்கப்பட்டு, பின்னர் அது தள்ளிவைக்கப்பட்டதுடன், சட்டத்துக்குத் திருத்தங்களும் கொண்டுவரப்பட்டன. எனவே ஒரு கொள்கையை இறுதி செய்யுமுன் அப்போது நடைமுறையிலுள்ள வாசகத்தைப் பார்த்துக்கொள்வது அவசியம். கீழே கூறப்படுபவை 2022ஆம் ஆண்டின் மூலச் சட்டத்தை அடிப்படையாகக் கொண்டவை.

தனிப்பட்ட தரவு என்பது ஒருவரை நேரடியாகவோ மறைமுகமாகவோ இனங்காட்டக்கூடிய எந்தத் தகவலையும் குறிக்கும். அது கணினியில் இருக்க வேண்டும் என்பதில்லை. அத்தரவு எந்த நோக்கத்துக்காக, எவ்வாறு பயன்படுத்தப்பட வேண்டும் என்று தீர்மானிப்பவரைச் சட்டம் கட்டுப்பாட்டாளர் என்ற நிலையில் வைக்கிறது. அவர் சார்பில் தரவைக் கையாள்பவர், எடுத்துக்காட்டாகக் கணக்கு எழுதித் தருபவரோ குறுஞ்செய்தி அனுப்பித் தரும் நிறுவனமோ, வேறொரு நிலையில் வைக்கப்படுகிறார். வேலணையில் ஒருவர் தனியாக நடத்தும் கடையில் உரிமையாளரே கட்டுப்பாட்டாளர் ஆவார். நோக்கத்தைத் தெளிவாக வரையறுத்தல், அந்நோக்கத்துக்கு வேண்டிய அளவே பெறுதல், சரியாக வைத்திருத்தல், தேவை முடிந்தபின் வைத்திராமை, இரகசியம் காத்தல், இவற்றை வாடிக்கையாளருக்கு வெளிப்படையாகச் சொல்லுதல் ஆகியன அவருடைய கடமைகள். வாடிக்கையாளர் தம்மைப் பற்றிய தரவைப் பார்க்கவும், பிழையைத் திருத்துவிக்கவும், கொடுத்த சம்மதத்தை மீளப்பெறவும், குறிப்பிட்ட நிலைகளில் அழிக்கச் சொல்லவும் உரிமையுடையவர். அத்தகைய வேண்டுகோளுக்கு 21 வேலை நாட்களுக்குள் பதில் தர வேண்டும் என மூலச் சட்டம் கூறுகிறது. அதிகாரசபையின் பணிப்புக்கு இணங்காதவருக்கு ஒவ்வோர் இணங்காமைக்கும் ஒரு கோடி ரூபா வரை தண்டப்பணம் விதிக்கப்படலாம்.

தண்டப்பணம் பற்றிய அச்சத்தால் எழுதப்படும் கொள்கைகள் பொதுவாக வழக்கறிஞரின் மொழியில் அமைந்து, வாடிக்கையாளருக்கு எதுவும் விளங்காமல் போய்விடுகின்றன. சட்டமே வெளிப்படைத்தன்மையை ஒரு கடமையாக விதித்திருப்பதால், விளங்காத கொள்கை அக்கடமையையும் நிறைவேற்றாது.

எழுதுமுன் எடுக்கும் கணக்கு

கொள்கையின் முதற்படி ஒரு வெறுங்கொப்பியும் ஒரு முழு நாளும் ஆகும். கடைக்குள் வாடிக்கையாளர் விவரம் எங்கெங்கே கிடக்கிறது என்பதை அறை அறையாக, இலாச்சி இலாச்சியாக, தொலைபேசி உட்பட, எழுதிக்கொள்ள வேண்டும். இவ்வேலையைச் செய்து பார்க்கும் கடைக்காரர் பலர், தாம் வைத்திருப்பதாக நினைத்ததைவிடப் பன்மடங்கு வைத்திருப்பதைக் காண்பர்.

முதலில் வருவது தேசிய அடையாள அட்டையின் பிரதி. சிம் அட்டை பதிவு, பணம் பெறல், விடுதி அறை, தவணைக்குப் பொருள் வாங்கல் என எதற்கெடுத்தாலும் ஒரு பிரதி கேட்பது நாட்டு வழக்கமாகிவிட்டது. ஆனால் அந்த இலக்கம் வெறும் தொடரிலக்கம் அன்று. ஒன்பது எண்களும் ஓர் எழுத்தும் கொண்ட பழைய முறையில் முதலிரு எண்கள் பிறந்த ஆண்டையும், அடுத்த மூன்று எண்கள் அவ்வாண்டின் எத்தனையாவது நாளில் பிறந்தார் என்பதையும் குறிப்பதுடன், பெண்களுக்கு அம்மூன்று எண்களோடு 500 கூட்டப்படுவதால் பாலினமும் தெரிந்துவிடுகிறது. பன்னிரண்டு எண்கள் கொண்ட புதிய முறையில் பிறந்த ஆண்டு நான்கு எண்களில் முழுமையாகவே நிற்கிறது. ஆகவே இலக்கத்தை மட்டும் எழுதிக்கொண்டாலும் பிறந்த திகதியையும் சேர்த்தே கடை பெற்றுக்கொள்கிறது. பிரதி எடுத்தால் புகைப்படமும் முகவரியும் கூடவே வருகின்றன. அட்டையைப் பார்த்துச் சரிபார்த்தால் போதுமான இடத்தில் பிரதி எடுக்கவே கூடாது. சட்டம் கட்டாயப்படுத்தும் இடங்களில், பணம் வழங்கும் சேவையில் 2006ஆம் ஆண்டின் 6ஆம் இலக்க நிதியியல் கொடுக்கல் வாங்கல்களை அறிக்கையிடும் சட்டத்தின்படி ஆறு ஆண்டுகள் பதிவுகளை வைத்திருக்க வேண்டியிருப்பது போன்ற நிலைகளில், பிரதியின் குறுக்கே நோக்கத்தையும் திகதியையும் எழுதிவிட்டால் அது வேறொரு காரியத்துக்குப் பயன்படுத்தப்படுவது கடினமாகும். இச்சிறு பழக்கம் செலவில்லாதது. வாடிக்கையாளரின் கண்முன்னே செய்யப்படும்போது அவருக்கு அது பல பக்க வாக்குறுதிகளைவிட அதிகம் சொல்கிறது.

போட்டோப் பிரதிக் கடைகளில் இன்று பெருகியுள்ள ஆபத்து வேறொன்று. காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், கடவுச்சீட்டு, விசா விண்ணப்பம், வைத்திய அறிக்கை ஆகியவற்றை வாடிக்கையாளர் கடையின் வட்ஸ்அப் இலக்கத்துக்கு அனுப்பி அச்சிட்டு வாங்கிச் செல்கிறார். அச்சிட்ட தாள் அவருடன் போய்விடுகிறது. கோப்பு கடையின் தொலைபேசியிலும், கணினியின் பதிவிறக்கக் கோப்புறையிலும், சில வேளைகளில் தானாகச் சேமிக்கும் இணையக் களஞ்சியத்திலும் என மூன்று இடங்களில் தங்கிவிடுகிறது. ஓர் ஊரின் காணி உறுதிகளில் பெரும்பகுதி, யாரும் திட்டமிடாமலே, ஒரு கடையின் தொலைபேசிக்குள் சேர்ந்துவிட்ட நிலை இது. வெளிநாட்டிலுள்ள உரிமையாளர் இல்லாத காணிகளை அபகரிக்க முயல்வோருக்கு இதைவிட வசதி வேண்டியதில்லை. ஒவ்வொரு நாளும் கடை பூட்டுமுன் மூன்று இடங்களிலும் அழித்தல் என்ற ஒழுங்கை ஏற்படுத்தி, அதன் பின்னரே ‘அச்சிட அனுப்பும் கோப்புகள் அன்றே அழிக்கப்படும்’ என்ற வாசகத்தைக் கொள்கையில் சேர்க்க வேண்டும்.

கடன் கொப்பி எல்லோருக்கும் தெரிந்த பொருள். அது மேசைமேல் விரிந்து கிடப்பதும், ஒருவருடைய கணக்கைக் காட்டும்போது அதே பக்கத்திலுள்ள நால்வரின் நிலுவை தெரிவதும் பழக்கப்பட்டுப்போன குறை. ஒரு குடும்பத்துக்கு ஒரு பக்கம் என்று ஒதுக்கி, கொப்பியை இலாச்சிக்குள் வைத்தால் போதும். நுண்கடன் வழங்கும் நிறுவனங்கள் மையக் கூட்டங்களில் தவணை தவறியவரின் பெயரைப் பலர்முன் வாசிக்கும் வழக்கமும் இவ்வகையில் சேர்த்து எண்ணத்தக்கது. குழுப்பிணையின் தன்மை காரணமாக உறுப்பினர் சிலருக்கு விவரம் தெரிய வேண்டியிருக்கலாம்; கூட்டத்துக்கு வந்த அனைவருக்கும் தெரிய வேண்டிய தேவை எவ்விதத்திலும் இல்லை.

விடுதிகளில் வருகைப் பதிவேட்டை வாசலில் திறந்து வைத்திருப்பதும் இதே குறைதான். 2020–21ஆம் ஆண்டுகளின் கொரோனாத் தொற்றுக் காலத்தில் நாடெங்கும் கடைவாசல்களில் வைக்கப்பட்ட கொப்பிகளில் மக்கள் பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் தொலைபேசி இலக்கத்தையும், முன்னர் வந்தவரின் விவரத்துக்கு நேர்கீழே, எழுதிவிட்டுப் போயினர். நோய்த்தடுப்பு என்ற நோக்கம் முடிந்த பின்னரும் அக்கொப்பிகளை ஒழுங்காக அழித்த கடைகள் எத்தனை என்று கேட்டுப் பார்ப்பது ஒவ்வொரு வணிகருக்கும் நல்ல பயிற்சியாகும். பழைய தாள்கள் கச்சான் சுருளாகவும் பொதி சுற்றும் கடதாசியாகவும் மாறும் நாட்டில், தாளை எறிவதும் அழிப்பதும் ஒன்றல்ல. கிழித்து நனைப்பதோ எரிப்பதோ வேண்டும்.

மருந்துக் கடை பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். உடல்நலம் பற்றிய தரவைச் சட்டம் விசேட வகைத் தரவுகளுள் வைத்து மேலதிகக் காப்பைக் கோருகிறது. நடைமுறையில் மிகுதியும் தேவைப்படுவது, மருந்தின் பெயரையும் நோயையும் உரத்துச் சொல்லாமை, மருந்துச் சீட்டை மேசையில் விட்டுவைக்காமை ஆகிய இரண்டுமே.

வெளிநாட்டு உறவுகளின் ஓடர்கள்

தீவக வணிகத்தின் தனித்தன்மை புலம்பெயர்ந்தோருடனான தொடர்பாகும். பிரான்சிலோ கனடாவிலோ பிரித்தானியாவிலோ இருக்கும் மகன் வேலணையிலுள்ள தாய்க்கு மாதச் சாமானும் மருந்தும் பிறந்தநாள் கேக்கும் அனுப்பக் கடைக்கு ஓடர் கொடுக்கிறார். இந்த ஓடரில் இருவரின் தரவு அடங்கியுள்ளது: பணம் கொடுப்பவருடையதும், பொருளைப் பெறுபவருடையதும். பெறுபவர் சம்மதம் கேட்கப்படாதவர், பெரும்பாலும் வயோதிபர், பலவேளை தனித்து வாழ்பவர். அவருடைய வீட்டு முகவரி, வீட்டில் இருக்கும் நேரம், அவருக்கு வெளிநாட்டுப் பணம் வரும் நாள் ஆகிய மூன்றும் ஒரே துண்டில் எழுதப்பட்டிருந்தால் அத்துண்டு யார் கையில் கிடைக்கக்கூடாதோ அவர் கையில் கிடைக்கும்போது நேரக்கூடியது பாரதூரமானது. 2023 ஏப்ரலில் நெடுந்தீவில் முதியவர்கள் வீட்டிலேயே கொல்லப்பட்டு நகைகள் கொள்ளையிடப்பட்டபின், எந்த வீட்டில் முதியவர் துணையின்றி இருக்கிறார் என்பது தீவகத்தில் எவரும் இலேசாகப் பேசும் செய்தியாக இல்லை.

ஆகவே இத்தகைய வணிகம் செய்பவர், பொருள் கொண்டுசெல்லும் பையனிடம் அன்றைய முகவரியை மட்டும் கொடுத்து, பணம் செலுத்தியவர் யார், எவ்வளவு என்ற விவரத்தைக் கடைக்குள்ளேயே வைத்துக்கொள்ள வேண்டும். பொருள் சேர்ந்ததற்குச் சான்றாகத் தாயாரின் புகைப்படத்தை எடுத்து அனுப்புவது மகனுக்கு மகிழ்ச்சி தருவது. ஆனால் அதே படத்தைக் கடையின் பேஸ்புக் பக்கத்தில் விளம்பரமாக இடுவதற்குத் தாயாரின் தெளிவான சம்மதம் வேண்டும், அவர் தயங்கினால் அத்தயக்கத்தை மறுப்பாகவே கொள்ள வேண்டும்.

சட்டநோக்கிலும் இங்கு ஒரு நுட்பம் உண்டு. 2018 மே 25 முதல் நடைமுறையிலுள்ள ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குவிதி, ஒன்றியத்துக்கு வெளியே இருந்தவாறு ஒன்றியத்திலுள்ளோருக்குப் பொருளையோ சேவையையோ வழங்க முன்வரும் வணிகங்களையும் கட்டுப்படுத்தும். பாரிசிலிருந்து யாரோ ஒருவர் தற்செயலாக ஓடர் கொடுத்தார் என்பதனால் மட்டும் அது பொருந்திவிடாது. யூரோவில் விலை போட்டு, பிரான்சிலுள்ளோரை விளித்து விளம்பரம் செய்யும் கடை தன்னை அதற்குள் கொண்டுவந்து விடுகிறது. அத்தகைய கடை சட்ட ஆலோசனை பெறுவது நன்று.

சிறுவர்

ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையின் பெறுபேறு வந்ததும் பத்து வயதுப் பிள்ளைகளின் படமும் பெயரும் புள்ளியும் தாங்கிய பதாகைகள் சந்திக்குச் சந்தி எழுகின்றன. சாதாரண தரப் பெறுபேறுக்கும் அவ்வாறே. கல்வி நிலையங்களுக்கு இது விளம்பரம், பெற்றோருக்குப் பெருமை. ஆனால் இலங்கைச் சட்டம் 16 வயதுக்குக் குறைந்தவரைப் பற்றிய தரவு முழுவதையும் விசேட வகையில் வைத்துள்ளது என்பதைப் பலர் அறியார். பெற்றோரின் எழுத்துமூலச் சம்மதமின்றிப் படமோ புள்ளியோ வெளியிடுவதில்லை என்றும், சம்மதம் தராத பிள்ளைக்கு வகுப்பில் எவ்வித வேறுபாடும் காட்டப்படாது என்றும் கல்வி நிலையத்தின் கொள்கை கூற வேண்டும். சித்தியடையாத பிள்ளையின் பெயர் அப்பதாகையில் இல்லாமையே அப்பிள்ளையைப் பற்றிய ஓர் அறிவித்தலாக அமைந்துவிடுகிறது என்பதையும் ஆசிரியர்கள் நெஞ்சில் வைத்து, பதாகையே வேண்டுமா என்று தீர்மானிக்கலாம்.

வாசகம் அமைத்தல்

இவ்வளவு வேலையும் முடிந்தபின் எழுத வேண்டிய கொள்கை ஒரு தாளுக்குள் அடங்கிவிடும். அச்சிட்டும் விளம்பரம் இட்டும் ஓடர் எடுத்தும் வணிகம் செய்யும் ஒரு கடைக்குப் பின்வருவது மாதிரியாக அமையலாம்:

‘இக்கடை ஓடர் எடுக்கும்போது பெயர், தொலைபேசி இலக்கம், பொருள் சேர வேண்டிய முகவரி ஆகியவற்றை மட்டும் பெறுகிறது. பொருள் சேர்ந்து மூன்று மாதங்களின் பின் முகவரி அழிக்கப்படும். பற்றுச்சீட்டின் பிரதி வரிக்கணக்குக்காகச் சட்டம் கூறும் காலம் வரை வைத்திருக்கப்படும். அச்சிட அனுப்பும் கோப்புகள் அன்று மாலையே அழிக்கப்படும். ஓடர்கள் வட்ஸ்அப் வழியாக வருவதால் அவை நாட்டுக்கு வெளியேயுள்ள கணினிகளின் ஊடாகச் செல்கின்றன. கேட்டுக்கொண்டவர்களுக்கு மட்டுமே விலைச் செய்திகள் அனுப்பப்படும். வேண்டாம் என்று ஒரு சொல் அனுப்பினால் நிறுத்தப்படும். நீதிமன்றமோ சட்டப்படி அதிகாரமுள்ள அலுவலரோ கேட்டாலன்றி எவருடைய விவரமும் வேறு எவருக்கும் கொடுக்கப்படாது. உங்கள் விவரத்தைப் பார்க்க, திருத்த, அழிக்க உரிமையாளரிடம் நேரிலோ இவ்விலக்கத்திலோ கேட்கலாம்.’

இதில் இரண்டு வாசகங்கள் விளக்கத்துக்குரியவை. ஒன்று விலைச் செய்தி பற்றியது: சம்மதமின்றி விளம்பரச் செய்தி அனுப்புவதைச் சட்டம் அனுமதிப்பதில்லை. வாடிக்கையாளர் அனைவரையும் ஒரே வட்ஸ்அப் குழுவில் சேர்ப்பதோ அதைவிட மோசமானது. பெண்களின் இலக்கங்கள் உட்பட எல்லோருடைய இலக்கமும் எல்லோருக்கும் தெரிந்துவிடும். ஒருவருக்கொருவர் தெரியாதவாறு தனித்தனியே செய்தி போய்ச் சேரும் வசதி அதே செயலியில் உள்ளது.

மற்றது அதிகாரிகள் பற்றியது. ‘எவருக்கும் எக்காரணங்கொண்டும் கொடுக்கமாட்டோம்’ என்று எழுதத் தோன்றுவது இயல்பு. வடக்கின் வாடிக்கையாளருக்கு அதைவிட ஆறுதலான வாக்கியம் இல்லை. ஆனால் அது காப்பாற்ற முடியாத வாக்குறுதி. நீதிமன்றக் கட்டளை வந்தால் கடைக்காரர் கொடுத்தே ஆக வேண்டும். காப்பாற்றக்கூடியது வேறொன்று: சீருடையிலோ சாதாரண உடையிலோ வந்து கமெராப் பதிவையோ விடுதியின் பெயர்ப் பதிவேட்டையோ கேட்பவரிடம், அவருடைய பெயர், பதவி, எந்த விசாரணைக்காகக் கேட்கிறார் என்பவற்றை எழுத்தில் தரும்படி பணிவாகக் கேட்பதும், கேட்கப்பட்ட பகுதியை மட்டும் கொடுப்பதும், கொடுத்ததைத் திகதியுடன் குறித்து வைப்பதும் ஆகும். இது துணிவு வேண்டும் காரியம் என்பது உண்மையே. முன்கூட்டியே எழுதப்பட்ட கொள்கையொன்று சுவரில் இருந்தால், ‘இது கடையின் ஒழுங்கு’ என்று சுட்டிக்காட்டுவது தனிப்பட்ட மறுப்பாகத் தோன்றாது.

மொழியைப் பொறுத்தவரை, தமிழில் எழுதுவது முதன்மை. நயினாதீவின் நாகபூசணி அம்மன் கோயிலுக்கும் நாகவிகாரைக்கும் வரும் யாத்திரிகர் வழியில் தங்கும் விடுதியாயின் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் வைத்தல் நியாயமானது. வாசிக்கச் சிரமப்படும் முதியவருக்கு வாயால் சொல்லப்படுவதும் கொள்கையின் பகுதியே. ஆகவே கடையில் வேலை செய்யும் ஒவ்வொருவரும் அத்தாளைப் பாராமலே விளக்கக்கூடியவராக இருக்க வேண்டும்.

பிழை நேர்ந்தாலும் கடை மூடினாலும்

தொலைபேசி தொலைந்தாலோ, கொப்பி களவுபோனாலோ, ஒருவருடைய ஆவணம் இன்னொருவருக்கு மாறிப் போனாலோ செய்ய வேண்டியது ஒன்றே: பாதிக்கப்பட்டவரிடம் ஊரார் சொல்லுமுன் கடைக்காரரே சென்று, என்ன போயிற்று, அதனால் என்ன நேரலாம், அவர் என்ன முன்னெச்சரிக்கை எடுக்கலாம் என்று சொல்லுதல். தரவு மீறல் பற்றி அதிகாரசபைக்கு அறிவிக்கும் கடமையையும் சட்டம் விதிக்கிறது. மறைத்துவைக்கும் உந்துதல் வலியது, ஆனால் சிறிய ஊரில் மறைக்கப்பட்டது இரண்டாம் நாளே தெரிந்துவிடும்.

இறுதியாக, மாதிரிக் கொள்கைகள் எதிலும் காணப்படாத, தீவகத்துக்கு மிகத் தேவையான ஒரு பிரிவு உண்டு. 1990–91இல் தீவக மக்கள் பெருமளவில் இடம்பெயர்ந்தபோது கடைகளும் கூட்டுறவுச் சங்கங்களும் அவற்றின் பேரேடுகளும் அப்படியே கைவிடப்பட்டன. இன்றும் கடைக்காரர் பிள்ளைகளிடம் வெளிநாடு செல்கிறார், கடை கைமாறுகிறது, அல்லது பூட்டியே கிடக்கிறது. வாங்குபவர் தட்டையும் தராசையும் பெறுவதுபோல் வாடிக்கையாளரின் விவரங்களையும் பெற்றுவிட முடியாது. அவை வேறொரு நோக்கத்துக்காக வேறொருவரிடம் நம்பிக் கொடுக்கப்பட்டவை. கடையை விற்கவோ மூடவோ நேர்ந்தால் ஒரு மாதம் முன்னரே அறிவித்தல் ஒட்டப்படும், விரும்புவோர் தம் விவரத்தை மீளப்பெறலாம் அல்லது புதிய உரிமையாளருக்கு மாற்றச் சம்மதிக்கலாம், எஞ்சியவை சட்டம் வைத்திருக்கச் சொல்பவை நீங்கலாக அழிக்கப்படும், அழிப்பதற்குப் பொறுப்பானவர் இன்னார் என்று கொள்கையின் கடைசிப் பந்தியில் பெயர் குறிப்பிட்டு எழுதி, அவரிடமும் ஒரு பிரதி கொடுத்து வைக்க வேண்டும்.